நாற்பத்தோராவது க்யூபிட்

திங்கட்கிழமை காலை கல்லூரிப் பேருந்து நுழைவாயில் வளைவுக்குள் திரும்பியபோது சுகன்யா ஜன்னல் வழியே தலையைத் தூக்கிப் பார்த்தாள். வளைவின் உச்சியில் இருபதடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ். இடது ஓரத்தில் கும்பிட்டபடி தாளாளர் தங்கசாமி. வலது ஓரத்திலும் கும்பிட்டபடி தாளாளர் தங்கசாமி. இருவருக்கும் நடுவே, எரியும் சிவப்பில்: 'எமது அத்தாயி அம்மாள் பொறியியல் கல்லூரியில் 41 க்யூபிட் குவாண்டம் கம்ப்யூட்டர்! புதனன்று ஆய்வுக்கு வருகை தரும் வல்லுநர் குழுவே, வருக!' அதற்குக் கீழே, ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இடம் பார்த்துச் செருகிய சின்ன எழுத்தில்: 'பொறுப்பாளர்: பேரா. சுகன்யா, எம்.இ.'

அந்த இருபதடியில் பொய் கலக்காத சங்கதி 'எம்.இ.' மட்டும்தான். அதற்கான சான்றிதழும் அவள் கையில் இல்லை. தாளாளர் அறையில், இரும்பு பீரோவில் இருந்தது.

வேலைக்குச் சேருகிற ஆசிரியர்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பட்டச் சான்றிதழ் வரை எல்லா அசலையும் தாளாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அத்தாயி அம்மாள் கல்லூரியின் வழக்கம். பாதுகாப்புக்காகத்தான். "என்ற பீரோ வெள்ளம் வந்தாலும் அசையாதுங்க" என்று தாளாளர் பெருமையாகச் சொல்வார். திருச்செங்கோட்டைச் சுற்றி ஆயிரத்து இருநூறு அடி துளை போட்டாலும் புழுதிதான் பறக்கிறது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் முப்பத்து நான்கு வைத்திருப்பவர். துளை போட்ட காசில்தான் கல்லூரி எழுந்தது. 'டாக்டர்' பட்டம் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்து, அவர் பெயருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

சுகன்யாவுக்கு அந்தச் சான்றிதழ்க் கோப்பு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் வேண்டும். அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்திருந்தது. அசல் இல்லாமல் வந்தால் பெயர் நீக்கப்படும் என்று அழைப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான்கு வருடம் படித்து எழுதிய தேர்வு. இரண்டு முறை கேட்டாயிற்று. இரண்டு முறையும், "பாக்கலாமுங்க" என்பதே பதில்.

அவளுக்கு முன்னால் மதியழகன் என்றொருவர் அந்தத் துறையில் இருந்தார். கேட்டுக் கேட்டுச் சலித்து ஒருநாள் சண்டை போட்டுவிட்டு வெளியேறினார். இப்போது நாமக்கல்லில் ஒரு முட்டை மொத்த வியாபாரியிடம் பில் போடுகிறார். அவருடைய எம்.இ. இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, மிகவும் பாதுகாப்பாக.

அன்று பதினொரு மணிக்குத் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். முதல்வர் இளஞ்செழியன் ஏற்கெனவே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். முழு நாற்காலியிலும் உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை.

"வாங்கம்மிணி. ஃப்ளெக்ஸ் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க சார்." உட்காராமலே சொன்னாள். "சார், நம்மகிட்ட இருக்கறது குவாண்டம் கம்ப்யூட்டர் இல்லீங்க. அது எப்படி வேலை செய்யும்னு சாதாரணக் கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டற புரோகிராமுங்க. ரெண்டாம் வருசப் பசங்களுக்குப் பாடம் நடத்தறதுக்காக நான் எழுதுனது."

"செஞ்சு காட்டுதல்லோ?"

"காட்டுதுங்க, ஆனா..."

"அப்பறமென்ன ஆனா ஆவன்னான்னு. என்ற பேத்தி செல்லுல காட்டுனா. யாரோ பொண்ணு ஸ்டேட்டஸ்ல போட்டிருந்துச்சாம். கலர் கலரா கட்டை ஏறுது எறங்குது, நல்லாத்தான் இருக்குது."

கட்டைகள் ஏறி இறங்குவது உண்மை. கரும்பலகையில் அணிகளைப் பெருக்கிக் காட்டியபோது வகுப்பே தூங்கிப் போனதால்தான் சுகன்யா அதை எழுதினாள். திரையில் ஒரு கோடு ஒரு க்யூபிட், குவாண்டம் கணக்கின் அடிப்படை அலகு. கோட்டின்மேல் ஒரு பெட்டியை இழுத்து வைத்தால் அது ஒரு கேட். எக்ஸ் கேட் வைத்தால் சைபர் ஒன்றாகும், ஒன்று சைபராகும். எச் கேட் வைத்து அளந்தால் சைபர் வருமா ஒன்று வருமா என்று எழுதியவளாலும் சொல்ல முடியாது. நூறு முறை அளந்தால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. கடைசி பெஞ்சுக்காரர்களே எழுந்து வந்து அமுக்கிப் பார்த்தார்கள். அவள் ஆசிரியர் வாழ்க்கையில் அதுதான் நல்ல நாள். அந்த நாள்தான் இப்போது வளைவின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், பத்து க்யூபிட் வெச்சுத்தான் நடத்தறேனுங்க. அந்த மிசின்ல இருவத்தொம்பதுக்கு மேல போனா அப்படியே நின்னுரும். நாப்பத்தொண்ணெல்லாம்..."

"எனக்கு நீங்க சொல்லித் தாரீங்களா? எண்ணூறு அடில தண்ணியில்லீன்னா இன்னொரு ராடு மாட்டறது. அதுலயும் இல்லீன்னா இன்னொண்ணு. நாப்பது ராடு எறக்கறதெல்லாம் எங்களுக்கு ஒரு பொழுது வேலை."

"ராடு எல்லாம் ஒரே நீளமுங்க சார். இதுல ஒண்ணு சேத்தா, அதுவரைக்கும் எறக்குன மொத்த நீளமும் மறுபடி ஒருக்கா எறக்கோணும். அடுத்ததுக்கு அது ரெண்டும் சேந்து இன்னொருக்கா. நாப்பதுக்கு நம்ம லேப்புல இருக்கறாட்ட ரெண்டாயிரம் கம்ப்யூட்டர் வேணுமுங்க."

தாளாளர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தரையைப் பார்த்தார்.

"பாத்தீங்களா, நானும் மொதல்ல நாப்பதுன்னுதான் நெனச்சேன்" என்றார் தாளாளர், தணிந்த குரலில். "அப்பறம் பாத்தா சைபர்ல முடியுது. நாம மொய் எழுதுனாக்கூட நூத்தியொண்ணுதான் எழுதறோம். சைபர்ல முடிஞ்சா அதோட முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதான் ஒண்ணைச் சேத்துப் போடச் சொன்னேன்."

அந்த ஒன்றுக்கு மேலும் இரண்டாயிரம் கம்ப்யூட்டர் ஆகும் என்று சுகன்யா சொல்லவில்லை.  அவர் இடுப்பில், வெள்ளிச் சங்கிலியில் தொங்கிய பீரோச் சாவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், என்ற சர்டிபிகேட்..."

"புதன்கிழமை நல்லபடியாப் போகட்டும். மத்தியானமே கையில தாரேன்." சாவியை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். "நல்லபடியாப் போகலீன்னா... அது எதுக்குங்க இப்ப. நல்லதே நெனைப்போம்."

செவ்வாய்க்கிழமை காலையில் நாமக்கல்லிலிருந்து ஒரு டெம்போவில் குவாண்டம் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. லாரி பாடி கட்டும் பட்டறையில் இரண்டே நாளில் அடித்துக் கொடுத்த ஆளுயர அலுமினியக் கூண்டு. முன்பக்கம் நீல விளக்குகள், ஓரத்தில் மஞ்சள் பட்டை, மேலே இரண்டு சின்னக் கொம்புகள். லேப் உதவியாளர் காளியப்பன் ஏழாம் எண் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டுபோய் அதற்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருப்பவர். எதற்கும் ஆச்சரியப்படுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

"மேடம், சித்தெ பின்னால வந்து பாருங்க."

கூண்டின் பின்புறம் பெயின்டர் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டிருந்தார்: 'ஒலி எழுப்பவும். இடைவெளி விட்டு வரவும்.'

"அய்யோ, இதைய அழிக்கச் சொல்லுங்கண்ணா!"

"சொன்னனுங்க. பின்பக்கத்த யாரு பாக்கப் போறாங்கன்னு அய்யா சொல்லிட்டாரு." குரலைத் தாழ்த்தினார். "நானும் இடைவெளி விட்டுத்தானுங்க நிக்கறேன். நீங்களும் நில்லுங்க."

அவளால் முடியாது. அவள் பெயர் வளைவில் இருந்தது.

மத்தியானம் தாளாளரே ஒத்திகைக்கு வந்தார். சுகன்யா ஒரு கோட்டில் எச் கேட்டை வைத்துக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடி, குலதெய்வத்தை நினைத்து, சுட்டெலியை அமுக்கினார். திரையில் பெரிதாக வந்தது: 0.

"முருகா!" கையிலிருந்த செல்போன் கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் இரண்டு கைகளாலும் இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டார். "ஏனுங்கம்மிணி, மொதோ தடவையே சைபர்! ரிப்பேரா?"

"இல்லீங்க சார், அது அப்படித்தானுங்க. சில தடவ சைபர் வரும், சில தடவ ஒண்ணு வரும். அதானுங்க பாடமே."

"பாடத்த வகுப்புல வெச்சுக்குங்க. பெரிய மனுசங்க வந்து அமுக்கறப்ப சைபர் வந்தா காலேஜ் வெளங்குமா? ஒண்ணுதான் வரோணும். எத்தன தடவ அமுக்குனாலும் ஒண்ணு."

"சார், அப்படிப் பண்ணுனா பாக்கறவங்க உடனே கண்டுபிடிச்சுருவாங்க..."

"சொன்னதைய செய்யுங்க." இம்முறை சாவியைத் தட்டவில்லை. தட்டவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஒரே ஒரு வரி. 'விடை எதுவானாலும் ஒன்று என்று காட்டு' என்கிற பொருளில் ஒரு வரி. அதைத் தட்டச்சு செய்யும்போது விரல்கள் இரண்டு முறை தவறான எழுத்தில் விழுந்தன. அடுத்து, திரையில் நாற்பத்தொரு கோடுகள் வரைந்தாள். முதல் பத்துக்கு மட்டும் உயிர் இருந்தது, மீதி முப்பத்தொன்றும் வெறும் கோலம். செய்து முடித்துப் பார்த்தபோது, தெரிந்தவர் வீட்டில் திருடிவிட்டு வெளியே வந்தவளைப்போல் வியர்த்திருந்தது.

பிறகுதான் முதல்வர் ஒரு படிவத்தை நீட்டினார். '41 க்யூபிட் குவாண்டம் கம்ப்யூட்டர் இயங்கு நிலையில் உள்ளது. இத்தகவல் தவறெனில் பொறுப்பாளரே முழுப் பொறுப்பு.' கையெழுத்து நாளை குழுவின் முன்னால் போட வேண்டுமாம்.

"சார், நீங்க போடலாமுங்களே?"

"நான் வெறும் முதல்வர்தானம்மா" என்றார் இளஞ்செழியன். அவர் வாயிலிருந்து அவ்வளவு துல்லியமான வாக்கியம் வந்து அவள் கேட்டதில்லை.

அப்போதுதான் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது புரிந்தது. கையெழுத்துப் போட்டால், பிடிபடும் அன்று அரசு வேலையில் இருந்தாலும் பெயர் போகும். போடாவிட்டால் பீரோ திறக்காது. பரமத்தி வேலூரிலிருந்து அப்பா போன் செய்து, "சர்டிபிகேட் வாங்கிட்டியா கண்ணு?" என்றார். "நாளைக்குத் தாரேன்னு சொல்லிட்டாருங்கப்பா" என்றாள். வெற்றிலைக் கொடிக்காலில் நின்றபடி அவர் விட்ட நிம்மதிப் பெருமூச்சு போனில் கேட்டது. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பத்தரைக்கு வல்லுநர் குழுவின் மூன்று பேர் லேபுக்கு வந்தார்கள். குழுத் தலைவர் சால்வையை வாங்கிக்கொண்டு முந்திரிப்பருப்பு இருந்த பக்கமாக அமர்ந்தார். இரண்டாமவர் போனில் யாருடனோ வீட்டுமனை பற்றிப் பேசிக்கொண்டே உள்ளே வந்து, பேசிக்கொண்டே வெளியே போனார். மூன்றாவதாக வந்த பேராசிரியர் ஜோதி சால்வை வேண்டாம் என்றார். காபியும் வேண்டாம் என்றார். சொந்தத் தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு நேராகக் கூண்டின் பின்பக்கம் போனார்.

அங்கே எழுதியிருப்பது சுகன்யாவுக்கு நினைவுக்கு வந்தது.

 அரை நிமிடம் கழித்து அவர் திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"ஹாரன் எங்க இருக்கு?" என்றார்.

தாளாளர் பெரிதாகச் சிரித்தார். முதல்வர் அளவாகச் சிரித்தார். ஜோதி சிரிக்கவில்லை.

"பொறுப்பாளர் யாரு?"

"நானுங்க மேடம்."

"உங்க ஒரிஜினல் சர்டிபிகேட் எடுத்துட்டு வாங்க. ஆள் சரியான்னு பாக்கணும்ல."

தாளாளரின் கை சாவியைத் தடவியது. பிறகு தாளாளர் தானே எழுந்து போய், தானே பீரோவைத் திறந்து, பச்சைக் கோப்பைத் தானே கொண்டுவந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சுகன்யா அதைப் பார்த்தாள். மூலையில் அம்மா ஒட்டிய மஞ்சள் நிறப் பெயர்ச்சீட்டு அப்படியே இருந்தது. ஜோதி ஒவ்வொரு தாளாகப் புரட்டி, பட்டியலில் டிக் அடித்து, "சரி" என்று மேசைமேல் வைத்தார். வைத்த மறு விநாடி அதன்மேல் தாளாளரின் கை வந்து உட்கார்ந்தது. மூன்று கல் மோதிரம் போட்ட, அகலமான கை. கம்ப்யூட்டருக்கும் அவளுக்கும் நடுவில், ஒரு முழ தூரத்தில்.

ஜோதி சுட்டெலியைப் பிடித்தார். எச் கேட். அளவு. ஒன்று.

மறுபடி. ஒன்று.

மறுபடி. ஒன்று.

"எத்தன தடவ அமுக்குனாலும் ஒண்ணுதானுங்க வரும்" என்றார் தாளாளர். "கேரண்டி."

"அப்படியா?" ஜோதி பதினோராவது முறை அமுக்கினார். ஒன்று. கையை எடுத்துவிட்டு சுகன்யாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. எச் கேட்டுக்கு அப்புறம் ஏன் எப்பவும் ஒண்ணே வருது?"

படிவம் ஒரு பக்கம், பேனாவோடு. கோப்பு இன்னொரு பக்கம், கையோடு. சுகன்யா இரண்டையும் பார்த்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பொய் ஒன்று தயாராகத்தான் வைத்திருந்தாள். 'வெப்பநிலைக் கோளாறு' என்று ஆரம்பிக்கும். வாயைத் திறந்தாள். ஆனால் இரண்டாம் வருட வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து வந்து அமுக்கிப் பார்த்த முகங்கள்தான் முன்னால் வந்தன. அதே கேள்வியை அவர்கள் கேட்டால் வெப்பநிலை என்று சொல்ல முடியுமா?

"நாந்தானுங்க மேடம் அப்படி எழுதி வெச்சேன்" என்றாள்.  "ஒரு வரி. எடுத்தர்றேனுங்க."

"அம்மிணி!" என்றார் தாளாளர். கோப்பின்மேல் இருந்த கை இறுகியது.

அவள் விசைப்பலகையை இழுத்தாள். அந்த வரியைத் தேடிப் பிடித்து அழித்தாள். இனி என்ன வரும் என்று அவளுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அமுக்கினாள்.

ஒன்று.

தாளாளர் மூச்சை விட்டார். "பாத்தீங்களா? மேடம், இந்தப் பொண்ணு சும்மா வெளையாடுதுங்க. ஒண்ணுதான் வருது."

சுகன்யா மறுபடி அமுக்கினாள். ஒன்று.  உண்மையைச் சொன்னபிறகும் கம்ப்யூட்டர் அவருக்குச் சாட்சி சொல்கிறதே! இன்னொரு முறை. ஒன்று. ஜோதி பேனாவின் மூடியைத் திறந்தார். தாளாளரின் இடது கை சாவிச் சங்கிலியைத் தேடியது. வலது கை கோப்பை மெல்லத் தன் பக்கம் இழுக்கத் தொடங்கியது.

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

"முருகா!"

கண்ணைத் திறந்தாள். திரை முழுக்க, வட்டமாக, சைபர். தாளாளரின் இரண்டு கைகளும் இரண்டு கன்னத்திலும் படபடத்துக்கொண்டிருந்தன.

மேசைமேல் கோப்பு தனியாக இருந்தது.

அவள் அதை எடுத்துத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. மீண்டும் இழுத்தாள். அந்தச் சத்தத்தில் தாளாளர் கன்னத்திலிருந்து கையை எடுத்துத் திரும்பினார்.

"அந்த ஃபைலு..."

"சரிபாத்தாச்சே" என்றார் ஜோதி, படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்களோடதுதானே? வேற யார்கிட்ட இருக்கணும்?"

முந்திரி தின்றுகொண்டிருந்த தலைவர்கூட நிமிர்ந்தார். தாளாளர் சிரித்தார். "அவங்களோடதுதானுங்க. பாதுகாப்புக்கு வெச்சிருந்தது."

ஜோதி படிவத்தில் '41 க்யூபிட் குவாண்டம் கம்ப்யூட்டர்' என்பதை அடித்துவிட்டு, '10 க்யூபிட் பாவனை நிரல், கற்பித்தலுக்கு. நன்று' என்று எழுதினார். "இதைத்தானே முதல்லயே காட்டியிருக்கணும்? இந்தத் தகரம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பாராமல் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த லேபுக்குப் போனார். திருத்திய படிவத்தில் சுகன்யா கையெழுத்துப் போட்டாள். அது அவள் கையெழுத்துப் போலவே இல்லை, அவ்வளவு கோணல்.

துறை அறையில் தன் பொருட்களை எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பினாள். நுழைவாயில் வரைக்கும் நடக்கிற இருநூறு அடியில் ஐம்பது முறையாவது யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டும், அவளிடம் இல்லை. காவலாளி கந்தவேல் கையை நீட்டித் தடுத்தபோது பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கட்ட நில்லுங்க மேடம், தலைமேல விழுந்துரும்."

வளைவின்மேல் ஏணி சாத்தி ஒரு ஆள் ஃப்ளெக்ஸில் வெள்ளைத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். 41 மறைந்துவிட்டது. அந்த இடத்தில் 11 வந்திருந்தது.

"பத்துன்னுதானுங்க போன்ல சொன்னாங்க" என்றார் கந்தவேல். "அப்பறம் அய்யாவே மறுபடி கூப்பிட்டு ஒண்ணு சேத்துக்கச் சொன்னாரு."

அவள் சேலம் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கோப்பை மடியில் விரித்து எண்ணினாள். ஒன்பது தாள். மறுபடி எண்ணினாள். ஒன்பது. சங்ககிரியைத் தாண்டும்வரை நான்கு முறை எண்ணினாள். போன் அடித்தது. தாளாளர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஆறாவது முறை, போலீசுக்குப் போய்விட்டாரோ என்ற பயத்தில் எடுத்தாள்.

"அம்மிணி." குரல் தணிந்திருந்தது. "குழு போயிருச்சுங்க. நான் தனியா உக்காந்து அமுக்கிப் பாத்தேன். சைபர் வந்துச்சு. திரும்ப அமுக்குனேன், திரும்பச் சைபர். அந்த ஒரு வரியைய போன்லயே சொல்லிக் குடுத்துருங்களேன், இளஞ்செழியன எழுதச் சொல்றேன். நாளைக்கு ஒரு ரிக்கு புதுசா எறக்கறேன் சாமி. சைபர்லயா ஆரம்பிக்கறது? மனசே சரியில்ல."

முப்பத்து நான்கு ரிக் வைத்திருக்கும் மனிதரின் குரல் நடுங்கியது. 

"வரியெல்லாம் வேண்டாமுங்க சார். விடாம அமுக்குங்க. ஒண்ணும் வரும். பாதிக்குப் பாதி வந்துருமுங்க."

 சுட்டெலியை அமுக்கும் 'டிக்' சத்தம் மட்டும் வந்தது.

"சரிங்க. அந்த மீதிப் பாதிக்கு என்ன பண்றதுங்க?"

பேருந்து ஒரு லாரியை முந்த ஹாரன் அடித்தது. அவள் கோப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.